அவன் விழுந்த இடத்தில் ஒரு கோழிக்கூடு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று சின்னவனுடைய கட்டிலை உடைத்தேன். சுத்தியலாலும் காலாலும்தான். நல்ல மரம், லேசில் பிரியவில்லை. மூன்று கால்களைத் தட்டிக் கழற்றினேன். கடைசிக் காலை உதைத்து முறித்தேன். முழங்கால் வீங்கிவிட்டது.

மருமகள் கதவோரம் நின்று பார்த்தாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"கோழிக்கூடு கட்டப் போறேன்."

"யாருக்கு?"

"கோழிக்குத்தான்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. வாயில் வரலைன்னா எழுதிப் பாருங்கம்மா என்றாள். நான் அஞ்சாவதோடு நின்றவள். தப்புத் தப்பாகத்தான் வரும். வந்தால் வரட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. சிமெண்டுத் தரை. சின்னவன் அங்கேதான் விழுந்தான். மருமகள் சோப்புத்தூள் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். போயிடுச்சு அத்தை என்கிறாள். எனக்குத் தெரிகிறது. துணி துவைக்க வேண்டுமென்றால் அதன் மேல்தான் நின்றாக வேண்டும். நாலு மாதமாகக் குளியலறையில் வைத்துத் துவைக்கிறேன்.

கோழி விட்டால் தரை தானாக அசிங்கமாகும். எது கறை, எது எச்சம் என்று தெரியாமல் போய்விடும். அதற்காகத்தான்.

இதையும் எழுதிவிடுகிறேன். சின்னவனைக் கொன்றது பெரியவன். இரண்டும் என் வயிற்றில் பிறந்ததுதான். பெரியவன் ஜெயிலில் இருக்கிறான். நான் போய்ப் பார்க்கவில்லை. நடந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி 6, வியாழன்

மருமகள் வக்கீலை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பெரியவனுக்காக வாதாடுகிறவர். நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பேசினார்.

மார்ச் 13 அன்று நான் கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டும். போலீஸ் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று யாருக்கும் தெரியாது.

"தலையில ரெண்டு காயம்னு டாக்டர் எழுதியிருக்காரும்மா. ஒண்ணு கம்பி பட்டது. இன்னொண்ணு கல்லுல விழுந்து பட்டதுன்னு நீங்க சொன்னா போதும். கோபத்துல ஒரே ஒரு அடி. கை நீண்டுடுச்சு. கீழ விழுந்ததுக்கப்புறம் அடிச்சான்னு மட்டும் வாயில வந்துடக் கூடாது. வந்தா அவன் வெளிய வரமாட்டான்."

நான் ஜன்னல் வழியாகப் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குதாம்மா?"

கேட்டது.

மூன்று அடி. முதல் அடி தோளில். நின்றுகொண்டிருந்தான். இரண்டாவது அடி தலையில். விழுந்தான். மூன்றாவது அடி, விழுந்து கிடந்து கையை ஊன்றி எழப் பார்த்தபோது.

பிப்ரவரி 8, சனி

ஆணி அடிப்பது பார்க்கத்தான் சுலபம். இடது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. நாலு மூலைக்கும் கட்டில் கால். அடியில் ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம். நிறுத்தினேன். கையை எடுத்தேன். கைகால் நீட்டிப் படுத்துவிட்டது.

அடிச்சட்டத்தோடு குறுக்காக ஒரு கட்டை வைத்து அடித்தால்தான் நிற்கும் என்று இரண்டு தரம் விழுந்த பிறகு தெரிந்தது. ஒரு தரம் என் கால்மேல் விழுந்தது. கெட்ட வார்த்தையாக வந்தது. சத்தமாகச் சொன்னேன். நாலு மாதத்தில் நான் சத்தமாகச் சொன்னது அதுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கம்பிவலை வாங்கி வந்தேன். வெட்டினால் நுனியெல்லாம் முள். இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருக்கிறது. சோறு பிசைய முடியவில்லை, கரண்டியால் தின்றேன்.

பிப்ரவரி 12, புதன்

கூடு நின்றுவிட்டது. நாலடி நீளம், மூன்றடி அகலம். கூரைக்குத் தகரம். உள்ளே குறுக்கே ஒரு கம்பு, கோழி ஏறி உட்கார. தரையில் மரத்தூள். கதவை உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்தேன். வெளியே திறந்தால் துவைக்கிற கல்லில் இடிக்கிறது.

அந்த இடம் முழுக்க மறைந்துவிட்டது. பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாதது நன்றாக இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோழிக்காரியிடம் போனேன். சந்தைக்கு வெளியே கூடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுக்கிறவள். என்னைவிடச் சின்னவள். பல் ஒன்று இல்லை.

"எத்தனைக்கா வேணும்? நாலா அஞ்சா?"

"பதினொண்ணு."

"அடேயப்பா. வீட்டுல கூடா, பங்களாவா?"

"கூடுதான். சத்தம் வேணும்."

"சத்தம் வேணும்னா எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போங்க. ராப்பகலா கத்துவாரு, தீனி கம்மி."

சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் பயமாகப் போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் கவனித்திருப்பாள். அதற்கப்புறம் கிண்டல் பண்ணாமல் கால்களைக் கட்டிக் கொடுத்தாள்.

ஒன்று மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் செம்பட்டை.

பிப்ரவரி 21, வெள்ளி

சத்தம் போதுமானதாக இருக்கிறது.

மருமகள் நேற்று ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். "உங்களக் கேட்டாரு அத்தை" என்றாள். பொய்யாக இருக்கும். நிஜமாக இருந்தாலும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். அடித்துக்கொள்வார்கள். கடித்துக்கொள்வார்கள். சின்னவன் காதில் பெரியவன் பல் பட்ட தழும்பு இருந்தது. பிணத்தைக் கொடுத்தபோது அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வெள்ளைக்கோழியின் பின்பக்கம் ரத்தம். இறகு பிடுங்கியிருக்கிறது. உள்ளே ஏதோ வருகிறது. மதில் ஓரம் பெருச்சாளி வளை ஒன்று இருக்கிறது. அதுதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில் பெருச்சாளி மாட்டியது. துவைக்கிற கல்லுக்கும் வாளிக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. மிச்சமிருந்த கட்டில் சட்டத்தை எடுத்தேன்.

முதல் அடி முதுகில். கீச்சென்று ஒரு சத்தம், குழந்தை மாதிரி. இரண்டாவது அடி தலையில். அதோடு செத்துவிட்டது. எனக்குத் தெரியும் செத்துவிட்டதென்று. கால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. அப்புறமும் அடித்தேன். எத்தனை என்று தெரியாது. தோல் கிழிந்து உள்ளே இருந்தது வெளியே வரும் வரைக்கும் அடித்தேன். பல்லைக் கடித்தபடி இருந்தேன். உடம்பெல்லாம் சூடாக, லேசாக — எப்படிச் சொல்வது — நன்றாக இருந்தது.

திரும்பினால் மருமகள் நிற்கிறாள். என் முகத்தில் தெறித்திருந்தது.

"அத்தை போதும்" என்றாள். "அத்தை, அது செத்துப்போச்சு."

நிறுத்த முடியாதா? ஒருத்தனுக்குக் கை ஓங்கிய பிறகு நிறுத்த முடியாமலே போகுமா? இதை யாரிடம் கேட்பது.

பிப்ரவரி 26, புதன்

கைகால் வலி. எழுந்திருக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

வெள்ளையைக் கடித்தது பெருச்சாளி இல்லை.

மத்தியானம். வெயில் நல்ல வெயில். தண்ணீர் வைக்கப் போனேன். கோழியெல்லாம் கதவோர மூலையில் குவிந்து நிற்கிறது. தீனி இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். நடுவில் வெள்ளை. கீழே கிடக்கிறது. சுற்றி நின்று கொத்துகிறது எல்லாம். அவசரமே இல்லை. தானியம் பொறுக்குகிற மாதிரிதான். ஒன்று குடலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது, இன்னொன்று அதைப் பிடுங்கப் போனது. வெள்ளைக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து திறந்து மூடியது.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு, கோழியெல்லாம் கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நான்தானே அப்படி வைத்தேன். தள்ளத் தள்ள ஒன்று நசுங்கிக் கத்துகிறது. வெளியே நின்னு பாத்துட்டே இருந்தேன். இப்பவும் பாத்துட்டேதான் இருந்தேன்.

அப்புறம் கம்பிவலையை இரண்டு கையாலும் கிழித்தேன். கையை உள்ளே விட்டு வெள்ளையை வெளியே இழுத்தேன். மடியில் போட்டேன். பிழைக்காது. கழுத்தைத் திருகினேன். கோழி கழுத்தை நான் திருகியதே இல்லை, கடையில் வெட்டித்தான் வாங்குவோம். ஒரு திருகில் போகவில்லை. இரண்டாவதில் போயிற்று.

மார்ச் 3, திங்கள்

கோழிக்காரியிடம் போனேன். கூட்டின் அளவைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூடு கட்டினீங்களா, தீப்பெட்டி கட்டினீங்களா? நாலுக்கு மூணு இடத்துல பதினொண்ணா? அதுங்க வேற என்னக்கா செய்யும்? ஒண்ணு கொத்தும். ரத்தம் பாத்துட்டா எல்லாம் சேந்துக்கும். பசியால இல்ல. நிறுத்தத் தெரியாது."

"முதல்ல கொத்தினது எதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"ஒரு நாள் பூரா உக்காந்து பாத்தா தெரியும். அத மட்டும் பிடிச்சுத் தனியாப் போடுங்க. பத்து நாள் கழிச்சு விட்டா அடங்கிக் கிடக்கும்." கூடையை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஆனா இடத்தப் பெருசு பண்ணாம அத மட்டும் தூக்கினா, அடுத்தது ஆரம்பிக்கும். பாவம் அது என்ன பண்ணும், அடைச்சது நீங்க."

ஐந்து கோழிகளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 5, புதன்

எழுதமாட்டேன் என்று வைத்திருந்ததை எழுதுகிறேன்.

இவர்கள் அப்பா போய்ப் பதினொரு வருடம். அப்போது பெரியவனுக்குப் பதினாறு, சின்னவனுக்குப் பன்னிரண்டு. நான் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கிவிட்டு, சாயங்காலம் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்ப்பேன். சின்னவன் அடங்கமாட்டான். அடிக்க எனக்குத் தெம்பு இல்லை. அடிக்கிற வேலையைப் பெரியவனிடம் கொடுத்தேன். படிக்கலையா, பெரியவனே, ரெண்டு வை. பொய் சொன்னானா, பெரியவனே, கேளு அவனை. முதலில் அவன் மாட்டேன் என்பான். "அம்மா பாவம்மா, சின்னப் பையன்." நீ ஆம்பளையா என்று கேட்பேன். அடிப்பான். அடித்துவிட்டு வெளியே போய் நிற்பான். போகப் போக வெளியே போய் நிற்பதும் நின்றுவிட்டது.

அன்றைக்குச் சின்னவன் கேட்காமல் வேனை எடுத்துக்கொண்டு போய் முன்பக்கத்தை நசுக்கிக் கொண்டு வந்தான். பெரியவனுக்கு அந்த வேன்தான் பிழைப்பு. நான் துவைத்துக்கொண்டிருந்தேன். பெரியவன் கையில் வேன் ஜாக்கியின் கம்பி. சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே எழுந்து வந்தான். சின்னவன் சிரித்தான். "என்னடா பண்ணிடுவ?" என்றான். அந்தச் சிரிப்பு எனக்கே பொறுக்கவில்லை.

நான் சொன்னேன். கையில் சோப்போடு, திரும்பிக்கூடப் பார்க்காமல், எப்போதும் சொல்கிற மாதிரி.

"நாலு போடுடா அவனுக்கு. அப்பதான் புத்தி வரும்."

நாலு என்று சொன்னேன். அவன் மூன்றுதான் போட்டான்.

மூணாவது அடிக்கு முன்னாடி நான் கத்தியிருக்கலாம். வாய் தொறந்துதான் இருந்துச்சு. கம்பிய எறிஞ்சுட்டு என்னப் பாத்தான். இப்ப என்னன்னு கேக்குற மாதிரி. எங்கிட்ட கேக்குற மாதிரி.

மார்ச் 6, வியாழன்

எழுதியதைப் படித்தேன். கிழிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

வக்கீல் மறுபடி வந்தார். என்னைப் பாடம் சொல்ல வைத்தார். ஒரு அடி. கல்லில் விழுந்தான். நான் ஓடி வந்து பார்த்தேன். இப்படித்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். இரண்டாம் தரம் இன்னும் நன்றாகச் சொன்னேன். "அப்படித்தாம்மா" என்றார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் வியர்வை.

"ஒரு பிள்ளை போயாச்சு அத்தை. இன்னொண்ணையும் நீங்களே அனுப்பிடாதீங்க."

அவள் சொல்வதில் என்ன தப்பு. அவளுக்கு இருபத்து மூன்று வயசு. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. பொய் சொன்னால் அவள் புருஷன் சீக்கிரம் வருவான். வந்து இதே வீட்டில் இருப்பான். நாளைக்கு அவர்களுக்கு ஒன்று பிறக்கும். நான் அதற்குச் சோறு ஊட்டிக்கொண்டு, அழுதால் பெரியவனைக் கூப்பிட்டு —

மார்ச் 13, வியாழன்

கோர்ட்டுக்குப் போனேன். மாற்றுத்துணி, சீப்பு, மாத்திரை எல்லாம் ஒரு பையில் வைத்து எடுத்துப் போனேன். எதற்குப் பை என்று மருமகள் கேட்டாள். சும்மா என்றேன்.

பெரியவன் இளைத்திருந்தான். தாடி. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அரசு வக்கீல் கேட்டார், என்ன பார்த்தீங்க. நான் சொன்னேன். தோளில் ஒன்று. தலையில் ஒன்று. விழுந்தான். எழப் பார்த்தான். தலையில் இன்னொன்று. பின்னால் மருமகள் "அய்யோ" என்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும்.

எங்கள் வக்கீல் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "அம்மா, உங்களுக்கு மனசு சரியில்லன்னு ஆஸ்பத்திரில இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன்."

"அப்ப நீங்க பார்த்தது சரியா ஞாபகம் இருக்கான்னு—"

"நான் முடிக்கல சார். அடின்னு சொன்னதே நான்தான்."

ஜட்ஜ் குனிந்து, என்னம்மா சொன்னீங்க என்று கேட்டார். நாலு போடு என்று சொன்னதைச் சொன்னேன். பதினொரு வருடமாகச் சொன்னதையும் சொன்னேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். யாரும் கேட்கலைங்க என்றேன்.

எங்கள் வக்கீல் பெரியவன் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்: "இத ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போலீஸ் அடித்தபோதும் சொல்லவில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை.

என்னைப் பிடிப்பார்கள் என்று வெளியே பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. கோர்ட்டைப் பூட்ட வந்தவர், வீட்டுக்குப் போங்கம்மா என்றார்.

மார்ச் 14, வெள்ளி

மருமகள் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தாள். நேற்றே நடந்தது, எழுத முடியவில்லை. வாசல் படியிலேயே அறைந்தாள். இரண்டு கன்னத்திலும். நான் நின்றேன். முடியைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "நாலு போடவா? சொல்லுங்க, உங்களுக்கும் நாலு போடவா?" கத்திக்கொண்டே கூட்டை உதைத்தாள். தகரத்தைப் பிய்த்து எறிந்தாள். கூட்டின் சட்டம் ஒன்றைப் பிடுங்கி ஓங்கினாள். என் மேல்தான் ஓங்கினாள்.

கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம். அப்புறம் சட்டத்தைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள். வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

இன்று காலையில் அவள் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

வலது காதில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. கோழிகள் மதில் மேலும் குளியலறைக் கூரை மேலும் நிற்கின்றன.

மார்ச் 19, புதன்

கூட்டை மறுபடி கட்டுகிறேன். மதில் ஓரத்தில், மண்தரையில். ஐந்து கோழிக்கு எட்டடி. கதவு வெளியே திறக்கும். பழைய இடத்தைக் கழுவிவிட்டு அங்கேயே நின்று துணி துவைத்தேன். கால் கூசியது. துவைத்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தீர்ப்பு. பத்து வருடம். ஆயுள் இல்லை. அம்மா சொன்னதைக் கணக்கில் எடுத்ததால் என்று வக்கீல் சொன்னார். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் சொன்னார்.

மே 13, செவ்வாய்

ஜெயிலில் பெரியவனைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்தேன். வர விருப்பமில்லை என்று சொல்லிவிட்டானாம்.

மே 27, செவ்வாய்

வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வரவில்லை. மருமகளை ஜெயில் வாசலில் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டு வந்தாள். எதிரெதிரே நின்றோம். "காது எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று வந்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். தாடியை எடுத்திருந்தான். முகம் அவன் அப்பா மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட்டியா என்றேன். ம் என்றான். தூங்குறியா என்றேன். ம் என்றான். பத்து நிமிடம்தான் விடுவார்கள். அதில் பாதி இப்படியே போயிற்று.

அப்புறம் கேட்டுவிட்டேன். "நான் சொன்னதுனாலதான்னு நீ ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். என் கேள்வி அவனுக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அதுல சொல்றதுக்கு என்னம்மா இருக்கு? நீ எப்பவும் சொல்றதுதானே."

நேரம் ஆகிவிட்டது என்று காவலர் கூப்பிட்டார். அவன் எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.